லெப்டினன்டுக்கும் சிப்பாய்க்கும் நடுவில்

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. அடுத்த சில மாதங்களில் ரஷ்ய ஜெனரல்களே சிலர் போர்முனையில் இறந்தார்கள். ஒரு ஜெனரல் எதிரியின் குண்டு எட்டும் தூரத்துக்கு வந்து நிற்க வேண்டிய தேவை என்ன? ரேடியோத் தொடர்பு சரியில்லாதது ஒரு காரணம். ராணுவ ஆய்வாளர்கள் பலர் சொன்ன இன்னொரு காரணம், மேலிருந்து வரும் உத்தரவைக் களத்தில் நடத்திக் காட்டும் இடைநிலை ஆள் அந்தப் படையில் போதுமான அளவு இல்லை என்பது. தேங்கி நின்ற வாகன வரிசையை நகர்த்தக்கூடப் பெரிய அதிகாரி நேரில் போக வேண்டியிருந்தது.

அந்த இடைநிலை ஆளைத்தான் சார்ஜென்ட் என்கிறார்கள். நம் ராணுவத்தில் நாயக்கும் ஹவில்தாரும் அந்த இடத்தில் இருப்பவர்கள். கமிஷன் பெற்ற அதிகாரி அல்ல. சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். மேற்கத்தியப் படைகளில் சுமார் முப்பது பேர் கொண்ட ஒரு பிளாட்டூனுக்கு லெப்டினன்ட்தான் தலைவர். பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. பக்கத்தில் நிற்கும் சார்ஜென்டுக்குப் பத்தாண்டு அனுபவம் இருக்கும். தோட்டாவை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது, எவன் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, எவனுடைய துப்பாக்கி சுத்தமாக இல்லை, காயம்பட்டவனை எந்த வழியாகத் தூக்கிப்போவது என்பதெல்லாம் அவர் கணக்கில் இருக்கும். லெப்டினன்ட் விழுந்தால் அந்த நிமிஷமே பிளாட்டூனைக் கையில் எடுப்பவரும் அவரே.

சோவியத் ராணுவம் இப்படி ஒருவரை வளர்க்கவில்லை. 1967-க்குப் பிறகு தரைப்படையில் கட்டாய சேவை இரண்டு ஆண்டு. புதிதாக வந்த பையன்களில் கொஞ்சம் சூட்டிகையானவர்களைப் பிரித்து, ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, சார்ஜென்ட் பட்டை குத்தி அனுப்பினார்கள். மிச்சமிருந்த ஒன்றரை வருஷம் முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போய்விடுவான். தன்னைவிட ஆறு மாதம் முன்னால் சேர்ந்த சிப்பாயிடம் அவன் பேச்சு எடுபடாது. பாசறையில் உண்மையான அதிகாரம் முன்னால் வந்தவர்களிடம் இருந்தது. அந்த அதிகாரம் பெரும்பாலும் அடி உதையாகத்தான் வெளிப்பட்டது. மற்ற படைகளில் சார்ஜென்ட் பார்க்கும் வேலையைச் சோவியத் படையில் லெப்டினன்ட் பார்த்தார். இத்தனைக்கும் இரண்டாம் உலகப்போரில் பெர்லினைப் பிடித்த மார்ஷல் ஷுக்கோவ், ஜார் காலத்துக் குதிரைப்படையில் சார்ஜென்ட் நிலைப் பயிற்சி பெற்றவர்.

ரஷ்யா இதைச் சரிசெய்ய முயலாமல் இல்லை. 2008-இல் கட்டாய சேவை ஒரே ஆண்டாகச் சுருங்கியது. ஒரு வருஷத்தில் யாரைச் சார்ஜென்ட் ஆக்குவது? 2009-இல் ரியாசான் நகரின் வான்குடைப் படைக் கல்லூரியில் தொழில்முறை சார்ஜென்ட்களுக்காக இரண்டு ஆண்டு பத்து மாதப் படிப்பு தொடங்கியது. நல்ல யோசனை. ஆனால் அவ்வளவு பெரிய படைக்கு அங்கிருந்து வெளிவந்தவர்கள் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

உக்ரைனும் அதே சோவியத் சொத்தைப் பங்கு பிரித்து வாங்கிய நாடுதான். 2014-இல் கிரிமியா பறிபோய், டோன்பாஸில் சண்டை மூண்ட பிறகே விழித்துக்கொண்டது. லிவிவ் அருகே யாவோரிவ் பயிற்சி மையத்துக்கு 2015 முதல் அமெரிக்க, கனடிய, பிரிட்டிஷ் பயிற்சியாளர்கள் வந்தார்கள். கனடா மட்டும் 2022 தொடக்கத்துக்குள் 33,000-க்கும் மேற்பட்ட உக்ரைன் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தது. 2020-இல் சார்ஜென்ட் பதவிப் படிகள் நேட்டோ முறைக்கு மாற்றி அமைக்கப்பட்டன. என் கணக்கில், இந்தப் பட்டைகளைவிடவும் வெளிநாட்டுப் பாடங்களைவிடவும் பெரியது டோன்பாஸ் பதுங்குகுழிகளில் கழிந்த எட்டு ஆண்டுகள். எட்டுப் பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஓர் இடத்தைக் காப்பது எப்படி என்று அங்கே கற்றவர்களே 2022-இல் கீவ் நகரைச் சுற்றிச் சிறு சிறு குழுக்களை நடத்தினார்கள்.

சிக்கல் அதன் பிறகு வந்தது. சண்டையில் எல்லோரும் தரையோடு படுத்திருக்கும்போது, எழுந்து ஓடுபவரும் கையைக் காட்டிக் கத்துபவரும் ரேடியோவில் பேசுபவரும் சார்ஜென்ட். எனவே அவர்கள் சீக்கிரம் சாகிறார்கள். தப்பிப் பிழைத்த திறமைசாலிகளைக் குறுகிய வகுப்புக்கு அனுப்பி அதிகாரிகளாக்கிவிடுகிறார்கள்; அதிகாரிகளுக்கும் பஞ்சம்தானே. இரண்டு பக்கமும் வடிகால் வைத்த தொட்டியில் தண்ணீர் எப்படி நிற்கும்?

டிரோன்கள் இதை இன்னும் சிக்கலாக்கின. இன்று ஒரு காவல்நிலையில் இரண்டு மூன்று பேரே இருக்கிறார்கள். உணவும் தோட்டாவும் டிரோனில் வருகின்றன. பகலில் தலைதூக்க முடியாது. ரேடியோவை எதிரி முடக்கிவிட்டால், இருப்பதா பின்வாங்குவதா என்று அங்கே உள்ள மூத்தவர்தான் முடிவெடுக்க வேண்டும். மறுபக்கம், டிரோன் எடுக்கும் படம் பின்னால் இருக்கும் கமாண்டரின் திரையிலும் ஓடுவதால், இடது பக்கம் போ, வலது பக்கம் போ என்று ஒவ்வொரு சிப்பாயையும் அவரே நகர்த்தும் பழைய சோவியத் பழக்கம் புதுக் கருவியோடு திரும்பி வந்திருக்கிறது. இதைப் பற்றி உக்ரைன் வீரர்களே வெளிப்படையாகப் புலம்புகிறார்கள்.

புது ஆட்களுக்கு அடிப்படைப் பயிற்சி தருபவரும் சார்ஜென்ட்தான் என்பது பலர் கவனிக்காத விஷயம். 2024-இல் உக்ரைன் அந்தப் பயிற்சியை ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதமாக நீட்டியது. அதற்குக் கூடுதல் ஆசிரியர்கள் தேவை. களம் கண்டவரை வகுப்புக்கு இழுத்தால் முன்னணியில் ஓர் இடம் காலி. இழுக்காவிட்டால் சண்டையே பார்க்காதவர் பாடம் எடுப்பார். 2022 முதல் பிரிட்டனில் நடக்கும் பயிற்சித் திட்டம் இந்தச் சுமையில் ஒரு பகுதியை ஏற்றது. 50,000-க்கும் மேற்பட்டோர் அங்கே பயின்றார்கள். கீழ்நிலைத் தலைவர்களுக்கான வகுப்பும் பின்னர் சேர்ந்தது. அஸோவ் போன்ற பிரிகேடுகள் சொந்தப் பள்ளி வைத்தே சார்ஜென்ட்களை உருவாக்குகின்றன.

பள்ளி வாசலையே மிதிக்காமல், 2022-இல் சேர்ந்து உயிரோடு இருப்பதாலேயே சார்ஜென்ட் ஆனவர்களும் உண்டு. அவர்களைச் சில வாரம் வகுப்புக்கு அனுப்பச் சொன்னால் பட்டாலியன் கமாண்டர்கள் தயங்குகிறார்கள். அந்தச் சில வாரமும் அந்த சார்ஜென்டின் ஆட்களை யார் நடத்துவது?