யூரோப்பாவின் கடலடியில் நீர்மூழ்கிப் போர்: 'பரோட்ராமா' விளையாட்டு எப்படி இயங்குகிறது?

வியாழன் கோளின் நிலவான யூரோப்பாவில் எதிர்காலத்தில் மனிதர்கள் குடியேறியிருப்பதாகக் கற்பனை செய்யும் கணினி விளையாட்டு 'பரோட்ராமா'. அழுத்த மாறுபாட்டால் உடலில் ஏற்படும் காயத்தைக் குறிக்கும் மருத்துவச் சொல்லே இதன் பெயர். பின்லாந்தில் உருவான இவ்விளையாட்டின் முழுப் பதிப்பு 2023 மார்ச்சில் வெளியானது.

யூரோப்பாவின் மேற்பரப்பில் கதிர்வீச்சு மிகக் கடுமையானது. ஆகவே, விளையாட்டில் மக்கள் பனிக்கு அடியிலுள்ள கடலில் வாழ்கின்றனர். அத்தகைய கடல் இருப்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. அதனை ஆராயவே 2024 அக்டோபரில் நாசா 'யூரோப்பா கிளிப்பர்' விண்கலத்தை ஏவியது.

ஆட்டத்தின் உயிர்நாடி துப்பாக்கியன்று, ஒலி. இருண்ட நீரில் வழியறிய, ஒலியலையை அனுப்பி எதிரொலியைப் பெறும் சோனார் கருவியே துணை. அதனை இயக்கினால் பாறையும் எதிரிக் கப்பலும் திரையில் தெரியும். அதே ஒலி கடல் விலங்குகளையும் ஈர்த்துவிடும். ஒலி எழுப்பாமல் கேட்க மட்டும் செய்தால் மறைந்திருக்கலாம், ஆனால் பாறையில் மோத நேரிடலாம். மெய்யான நீர்மூழ்கிகளுக்கும் சோனாரை இயக்குவது தம் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பதே.

கப்பலில் ஓட்டை விழுந்தால் போராட்டம் உள்ளே நுழைந்துவிடும். இணையவழியில் 16 பேர் வரை ஒரே கப்பலில் ஆடலாம். மெக்கானிக் ஓட்டையைப் பற்றவைத்து அடைக்க, பொறியாளர் அணு உலையைக் காக்க, மருத்துவர் காயமுற்றோரைக் கவனிக்க வேண்டும். நீர் புகுந்த அறையின் கதவை மூடினால் கப்பல் தப்பலாம். உள்ளே சிக்கிய சக வீரர் மூழ்கிவிடலாம். அந்த முடிவைக் கணினி எடுப்பதில்லை. கதவருகே நிற்பவரே எடுக்க வேண்டும்.