உலர்தாவர ஒட்டுப்படங்களுக்கான பசை

உலர்தாவர ஒட்டுப்படம் என்பது, அழுத்தி உலர்த்திய இலை, பூ, புல், விதை முதலியவற்றைத் தாளிலோ துணியிலோ ஒட்டிக் கண்ணாடிச் சட்டத்தினுள் அமைக்கும் படமாகும். இது எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பதைப் பெரிதும் அதன் பசையே முடிவு செய்கின்றது. வலிமை மிகுந்த பசையே சிறந்தது எனப் பலரும் கருதுவர். ஆனால் உலர்ந்த தாவரத்திற்கு, அதைவிட வலிமை குறைந்ததும், தேவைப்படின் நீக்கக்கூடியதுமான பசையே ஏற்றதாகும்.

உலர்தாவரகங்களின் அனுபவம்

தாவரங்களைத் தாளில் ஒட்டிப் பல தலைமுறைகள் பாதுகாக்கும் இடம் உலர்தாவரகம் எனப்படும். திருப்பூருக்கு அருகிலுள்ள கோயம்புத்தூரில், இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் தென்மண்டலக் கிளை 1955 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சென்னை உலர்தாவரகம் என்னும் பழமையான தொகுப்பு இதன் பொறுப்பில் உள்ளது. ஓர் இனத்திற்குப் பெயரிட அடிப்படையாக அமைந்த மாதிரி 'வகைமாதிரி' எனப்படும். அது அழிந்தால் பேரிழப்பாகும். எனவே ஒட்டும் முறையில் உலர்தாவரகங்கள் மிகுந்த கவனம் கொள்கின்றன.

மாதிரிகள் ஏறத்தாழ 42 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உள்ள கெட்டித் தாளில் பொருத்தப்படுகின்றன. பசை மெல்லிதாகவே இடப்படும். தடித்த தண்டுகள் நூலால் தைக்கப்படும். உதிர்ந்த விதைகள் சிறு தாளுறையில் வைக்கப்படும். அதாவது, முழுச் சுமையையும் பசையின்மீது ஏற்றுவதில்லை.

வலிமை ஏன் தீங்காகின்றது?

உலர்ந்த தாவரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது சற்று விரியும், கோடையில் சுருங்கும். பசை இறுகிக் கெட்டியாக இருந்தால் இந்த அசைவுக்கு இடமில்லாமல் இலையே கிழியும். பசை நெகிழ்ந்து கொடுத்தால், அல்லது விட்டுவிட்டால், இலை தப்பும், மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம்.

பசை வகைகள்

* மைதாப் பசை: மலிவானது. ஆனால் இதிலுள்ள மாப்பொருளும் புரதமும் கரப்பான், வெள்ளிமீன் முதலிய பூச்சிகளை ஈர்க்கும். பூச்சியைத் தடுக்க மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். எனினும் அதிலுள்ள செப்பு நாளடைவில் தாளின் செல்லுலோசைச் சிதைக்கும்.
* கோதுமை மாப்பொருள் பசை: புரதம் நீக்கிய மாப்பொருள் ஒரு பங்கிற்கு நான்கைந்து பங்கு நீர் சேர்த்துக் காய்ச்சப்படுவது. நீரால் மீண்டும் இளக்கலாம். பூச்சி அரிக்கும் வாய்ப்பு உண்டு.
* மெத்தில் செல்லுலோசு: குளிர்ந்த நீரில் கரையும்; சுடுநீரில் கரையாது. வலிமை குறைவு. பூச்சிகள் பெரும்பாலும் நாடுவதில்லை.
* வெள்ளைப் பசை (பாலிவினைல் அசிட்டேட்): ஃபெவிக்கால் போன்றவை. உலர்ந்தபின் நீரில் எளிதில் கரையாது. சாதாரண வகைகள் நாளடைவில் அசிட்டிக் அமிலத்தை வெளியிடலாம். எனவே அமிலமற்ற வகையே ஏற்றது.
* தவிர்க்க வேண்டியவை: இரப்பர் பசையும் ஒட்டுநாடாவும் பழுப்பேறிக் கறைபடுத்தும். உடனொட்டும் பசை நொறுங்கும் தன்மையுடையது. வேலம்பிசின் உலர்ந்தால் வெடிக்கும்.

தெரிவு

மெல்லிய இதழ்களுக்கு மெத்தில் செல்லுலோசைச் சிறு புள்ளிகளாக இடலாம். பசை முழுப்பரப்பிலும் பரவினால், அதன் நீர் இதழைச் சுருட்டி நிறத்தையும் மாற்றக்கூடும். இலை, புல் ஆகியவற்றுக்கு மாப்பொருள் பசையையும் மெத்தில் செல்லுலோசையும் கலந்து பயன்படுத்தலாம். விதை, காய், சுள்ளி ஆகியவற்றுக்கு அமிலமற்ற வெள்ளைப் பசையுடன் நூல் தையலும் தேவை.

பின்புலத் துணி

திருப்பூர் வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் பனியன் துணி பின்னலால் ஆனது, இழுத்தால் நீளும். அதன்மீது ஒட்டிய இலை துணியோடு நீள முடியாமல் முறியும். பல்லடம், சோமனூர் பகுதி விசைத்தறிகளில் நெய்யப்படும் காடாத் துணி அவ்வளவாக நீளாது. ஆனால் நெசவின்போது அறாதிருக்கப் பாவு நூலுக்குக் கஞ்சி போடப்படுகின்றது. அக்கஞ்சி பூச்சிகளை ஈர்க்கும். ஆகவே துணியை நன்கு அலசி, கஞ்சி நீக்கி, உலர்த்திய பின்னர் அமிலமற்ற அட்டையில் பொருத்துதல் வேண்டும்.

ஒட்டிய பின்

தாவரம் முற்றிலும் உலர்ந்திராவிடில் எப்பசையும் பூஞ்சையைத் தடுக்காது. படம் கண்ணாடியைத் தொடாதவாறு இடைவெளி விடுதலும், வெயிலும் ஈரமும் படாத சுவரில் மாட்டுதலும் அவசியம். பூச்சி அண்டினால், படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, நெகிழிப் பையில் காற்றுப்புகாமல் மூடி, −18 பாகை செல்சியசில் இரண்டு வாரம் வைத்திருக்கலாம். முற்காலத்தில் உலர்தாவரகங்களில் இதற்கு மெர்க்குரிக் குளோரைடு பயன்பட்டது. அது கொடிய நஞ்சாகும். வீட்டில் அதைப் பயன்படுத்தலாகாது. பழைய உலர்தாவரத் தாள்களையும் கையுறையின்றித் தொடலாகாது.