கிறிஸ்துமஸுக்கு மட்டுமா லீவு? நெல்லை, தூத்துக்குடி சி.எஸ்.ஐ சபைகளின் ஒரு வருஷம் எப்படி ஓடுது?

சென்னை ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் நாசரேத்துக்காரர் ஒருவர் டிசம்பர் 24-ம் தேதி லீவு கேட்டால் மேனேஜர் காரணம் கேட்க மாட்டார். அதே ஆள் வேறொரு மாதத்தில் வந்து, "ஊர்ல அசனம், போயே ஆகணும்" என்றால்? "அது என்னப்பா பண்டிகை, காலண்டர்ல இல்லையே?" என்பதுதான் பதிலாக இருக்கும்.

அது வேறு காலண்டரில் இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் சி.எஸ்.ஐ சபைகள் ஜனவரி டு டிசம்பர் கணக்கோடு இன்னொரு வருஷக் கணக்கையும் சேர்த்து வாழ்கின்றன. ஊருக்கு எப்போது கல்யாணம், எப்போது கறிச்சோறு, எப்போது ஏலம் என்பதையெல்லாம் அந்தக் கணக்குதான் பெருமளவு முடிவு செய்கிறது.

இது எங்கிருந்து வந்த காலண்டர்?

இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் திருச்சபையிலிருந்து வந்தது. 19-ம் நூற்றாண்டில் சி.எம்.எஸ், எஸ்.பி.ஜி என்ற இரண்டு ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கங்கள் இந்தப் பகுதியில் வேலை செய்தன. பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம் எல்லாம் சி.எம்.எஸ் பக்கம். நாசரேத், முதலூர், சாயர்புரம், கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி எல்லாம் எஸ்.பி.ஜி பக்கம். பாளையங்கோட்டையில் 'ஊசிக் கோபுரம்' என்று அழைக்கப்படும் தூய திரித்துவப் பேராலயம் 1826-ல் கட்டப்பட்டது. 1896-ல் திருநெல்வேலி தனித் திருமண்டலம் ஆனது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் அதில் ஒன்றாகின. பெயர்ப் பலகை மாறினாலும் நெல்லைச் சீமையில் பழைய ஆங்கிலிக்கன் வழிபாட்டு ஒழுங்கு பெரிய அளவில் அப்படியே தொடர்ந்தது. 2003-ல் தூத்துக்குடி–நாசரேத் தனித் திருமண்டலமாகப் பிரிந்த பிறகும் அதே கதைதான்.

வருஷம் எப்போ ஆரம்பிக்குது?

ஜனவரி 1 அன்று இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறுதான் தொடக்கம். இதற்கு அட்வெந்து ஞாயிறு என்று பெயர். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் இது வரலாம். 2026-ல் நவம்பர் 29.

கோயிலுக்குள் நுழைந்ததும் எந்தக் காலம் என்று கண்டுபிடிக்க ஒரு ஈஸியான வழி இருக்கிறது: பீடத்தின் துணி நிறத்தைப் பாருங்கள். அட்வெந்துக்கும் லெந்துக்கும் ஊதா, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை, பெந்தெகொஸ்தேவுக்குச் சிவப்பு, அதன் பிறகு வரும் நீண்ட மாதங்களுக்குப் பச்சை.

இங்கிலாந்தில் அட்வெந்து என்றால் இருட்டும் குளிரும். இங்கே அது வடகிழக்குப் பருவமழைக் காலம். வாலிபர்கள் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பும்போது கிட்டாரோடு குடையும் போகும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பாட்டு, ஒரு சின்ன ஜெபம், ஒரு டம்ளர் காபி. கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனை முடிந்து ஒரே வாரத்தில் டிசம்பர் 31 இரவு மறுபடியும் கோயில் நிரம்பும்.

ஈஸ்டர் தேதி ஏன் வருஷா வருஷம் மாறுது?

அது நிலாவைப் பார்த்து நகரும் பண்டிகை. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியைத் திருச்சபை தன் கணக்குப்படி எடுத்துக்கொள்ளும். அதற்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். 2025-ல் ஏப்ரல் 20. 2026-ல் ஏப்ரல் 5.

ஈஸ்டர் நகர்ந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவையும் கூடவே நகரும். சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை 46 நாள். ஞாயிறு நோன்பு நாள் இல்லை என்பதால் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. இதுதான் லெந்து, அல்லது தபசு காலம். பல வீடுகளில் கறி, மீன் நிற்கும். அப்படி மிச்சப்படுத்திய காசு காணிக்கை உறைக்குள் போகும். பெரும்பாலும் அந்த நாட்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டருக்குப் பிறகு அழைப்பிதழ்கள் வரிசை கட்டி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குருத்தோலை ஞாயிறில்தான் மண்ணின் அடையாளம் பளிச்சென்று தெரியும். இது பனங்காட்டு தேசம். ஆரம்ப காலச் சபைகளில் பனையேறும் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பனையின் இளங்குருத்தையே கிழித்து, பின்னி, சின்னச் சிலுவை செய்து பிள்ளைகள் கையில் பிடித்துப் பவனி போவார்கள். பின்னத் தெரிந்த தாத்தாவைச் சுற்றி அன்று ஒரு கூட்டம் நிற்கும்.

புனித வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணி வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிய தியானம் நடக்கும். ஈஸ்டர் ஞாயிறு அன்று இருட்டு விலகும் முன்பே ஆராதனை தொடங்கிவிடும்.

அறுப்பின் பண்டிகையில் ஏலம் எதுக்கு?

ஆங்கிலிக்கன் ஆலயங்களில் இப்போதைய வடிவ அறுவடைப் பண்டிகையைத் தொடங்கியவராக இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள மார்வென்ஸ்டோ ஊரின் குருவானவர் ராபர்ட் ஹாக்கரைச் சொல்வார்கள். ஆண்டு 1843. அங்கே அது செப்டம்பர், அக்டோபரில் கோதுமை அறுப்போடு ஒட்டி வரும். இங்கே ஒவ்வொரு ஊரும் தன் வசதிக்குத் தேதி வைத்துக்கொள்கிறது.

வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய், சேவல், வீட்டில் சுட்ட பலகாரம் என அவரவரால் முடிந்தது கோயிலுக்கு வரும். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். ஒருவர் அதிக விலைக்கு எடுத்த பூசணிக்காயைத் திரும்பக் கொடுத்து, "இன்னொரு தடவை விடுங்க" என்பார். கடைக்கணக்குக்கு இது சுத்தமாக ஒத்துவராது. ஆனால் வயல் இல்லாதவர் காசாகவும், காசு இல்லாதவர் ஒரு சீப்பு வாழையாகவும் ஒரே பண்டிகைக்குள் பங்கெடுக்க இதில் வழி இருக்கிறது. சேரும் தொகை சபைச் செலவுக்குப் போகும்.

சரி, அசனம்னா என்ன?

அசனம் என்றால் உணவு. சபை முழுக்கச் சேர்ந்து சமைத்து, சேர்ந்து சாப்பிடும் விருந்து இது. பல ஊர்களில் கோயில் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகையோடு சேர்ந்து வரும். தேதி ஊருக்கு ஊர் வேறு என்பதால்தான் எந்த அரசுக் காலண்டரிலும் இது இல்லை.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி பிரிப்பார்கள். வெளியூர்க்காரர்களின் பங்கு இப்போது யு.பி.ஐ-யில் வந்துவிடும். வெங்காயம் உரிக்க ஒரு கூட்டம், அண்டா இறக்க ஒரு கூட்டம், பந்தியில் வாளி தூக்க ஒரு கூட்டம். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, வரிசையாக இலை. வர முடியாத பாட்டிக்குத் தூக்குவாளியில் வீட்டுக்கே போகும்.

அசனத்தை வெறும் சாப்பாடாக மட்டும் பார்க்க முடியாததற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. தமிழ்ச் சபைகளுக்குள் சாதி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. தனித்தனி இருக்கை, நற்கருணையில் யார் முதலில் பாத்திரத்தில் குடிப்பது என்ற சண்டை எல்லாம் நடந்தன. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடுகளை முழுமையாக விட வேண்டும் என்று கடிதம் எழுதினார். அதை ஏற்காமல் தஞ்சாவூர் போன்ற இடங்களில் பலர் சபையை விட்டே விலகினார்கள்.

அந்தப் பிரச்சினை 1833-ஓடு முடியவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறைத் தோட்டம் இருக்கும் ஊர்கள் இன்றும் உண்டு. அந்தப் பின்னணியில் பார்த்தால், ஒரே அண்டாவில் வெந்த சோற்றை ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவது பெரிய விஷயம். பந்தியில் யாருக்கு இடம் இருக்கிறது, யார் சமைக்கிறார்கள், யாரிடம் வரி வாங்குகிறார்கள் என்பதைக் கவனித்தாலே அந்தச் சபை எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பிரசங்கத்தில் சமத்துவம் சொல்வது சுலபம், பந்தியில் காட்டுவதுதான் கஷ்டம்.

இனி இது தாக்குப்பிடிக்குமா?

இந்தக் காலண்டர் ஓடுவது ஆட்களால்தான். ஒரு குருவானவர் பல சபைகள் கொண்ட ஒரு சேகரத்தைப் பார்ப்பார். மணி அடிப்பது, பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, அசனக் கணக்கு எல்லாம் ஊர்க்காரர்கள் கையில். அந்த ஊர்க்காரர்களில் பலர் இப்போது சென்னை, பெங்களூரு, வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். பணம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டால் சேர்ந்துவிடும், அண்டா இறக்கத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. சமையலுக்குக் கூலிக்கு ஆள் வைக்கும் ஊர்களும் உண்டு.

சாப்பாடு அப்படியும் ருசியாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது பேசித் தீரும் பழைய மனஸ்தாபங்களுக்குக் கேட்டரிங்கில் இடம் இல்லை.

அதனால் அடுத்த முறை டீமில் யாராவது "ஊர்ல அசனம்" என்று லீவு கேட்டால், அவர் சாப்பிட மட்டும் போகவில்லை என்று புரிந்துகொள்ளலாம். அங்கே அவர் பெயருக்கு ஒரு வாளி காத்திருக்கிறது.