துரு ஏறும் புறம், துரு தங்காத அகம்

கெடாவின் தென்கோடியில், பேராக் எல்லையை ஒட்டிய பண்டார் பாரு மாவட்டத்தில் இருக்கிறது செர்டாங். அங்கே செம்பனைத் தோட்டத்தில் ஓடும் ஃபோர்வீல் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கிப் பின்சக்கரத்தைக் கழற்றினால், பிரேக் டிரம் செங்கல் நிறத்தில் பொருக்குத் தட்டிக் கிடக்கும். டிரம்மையும் கழற்றி உட்சுவரைப் பாருங்கள்: வழவழவென்று மின்னும். ஒரே வார்ப்பிரும்பு, ஒரே மழை. இந்த வேறுபாடு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

துருவுக்கு வேண்டியது ஆக்சிஜனும் ஈரமும்தான். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து வேலை தொடங்கிவிடும், மழையே தேவையில்லை. செம்பனைத் தோட்டத்தில் இன்னொரு காரணமும் உண்டு. செம்பனைக்குப் பொட்டாசியச் சத்து நிறைய வேண்டும். அதற்காகப் போடும் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதிலுள்ள குளோரைடு ஈரத்தை இழுத்து வைத்து, துரு அரிப்பை விரைவாக்கும். உர மூட்டை ஏற்றும் வண்டிக்கு இங்கேயே கடற்கரை வந்துவிடுகிறது.

உள்ளே நடப்பது வேறு. பெடலை மிதித்ததும் இரண்டு பிரேக் ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்தும். சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. அந்த இழுப்பே ஷூவை மேலும் அழுத்துகிறது. வண்டியின் ஓட்டமே வண்டியை நிறுத்தத் துணை நிற்கிறது! 1902இல் பிரான்சின் லூயி ரெனோ வடிவமைத்த டிரம் பிரேக்கின் வழியில் வந்த அமைப்பு இது. இரவில் படிந்த மெல்லிய துருவைக் காலையின் முதல் சில மிதிப்புகளே தேய்த்துவிடும். ஷூ தொடாத விளிம்பில் மட்டும் துரு மேடு கட்டும். டிரம் கழற்ற வராமல் முரண்டு பிடிப்பது பல சமயம் அந்த மேட்டால்தான். ஹேண்ட் பிரேக் இழுத்தபடி மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்தினால், ஷூவே டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே துருவைத் தடுக்கச் சாயம் அடிப்பதானால் வெளிப்புறத்துக்கு மட்டும். பொருக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்தபின், மிச்சத் துருவுக்கு டானிக் அமிலம் கலந்த துருமாற்றி பூசலாம். அது துருவோடு சேர்ந்து கருநீலப் பூச்சாகும். கலம்காரித் துணியின் கறுப்பும் இதே வேதியியல்தான்: கடுக்காயில் ஊறிய துணியில், வெல்லநீரில் புளித்த இரும்பு பட்டதும் கறுக்கிறது. டிரம்மில் அந்தக் கருநீலப் பூச்சின்மேல் சூடு தாங்கும் சாயத்தை மெல்லியதாக அடிக்க வேண்டும். உட்சுவரில் ஒரு துளியும் படக்கூடாது; ஷூ வழுக்கும். சக்கரம் அமரும் முகத்திலும் தடித்த சாயம் கூடாது. அது நசுங்க நசுங்க நட்டுகளின் பிடி தளரும். பழைய ஷூக்களின் லைனிங்கில் கல்நார் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

டிரம்முக்குப் பதில் டிஸ்க் மாட்டலாமா? சேற்றுத் தண்ணீர் டிரம்மில் புகுந்தால் வெளியேறத் தாமதமாகும். டிஸ்க் சீக்கிரம் உலரும், சூட்டையும் எளிதில் விடும். ஆனால் பிரேக் பிடிக்கையில் பாரம் முன்னால் சாய்வதால் பின்சக்கரத்தின் பிடிமானம் குறையும். பின் பிரேக் அளவுக்கு மீறி வலுத்தால், சரிவில் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் சுழலும். அதனால் முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வையும் புதிதாகப் பொருத்திச் சோதிக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்குக்கும் தனி ஏற்பாடு செய்ய வேண்டும்.