மீன்கள் சேர்த்த மண்: இலட்சத்தீவுக் கடல் நமக்குச் சொல்லும் பாடம்

 

நம் இல்லங்களில் மாசிச் சம்பல் அறியாதோர் குறைவு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும், இலங்கையிலுள்ள நம் உறவினர் வீடுகளிலும் மாசி இல்லாத அடுக்களையைக் காண்பது அரிது. மரக்கட்டை போல் இறுகிக் கிடக்கும் அந்தக் கருவாட்டை இடித்துத் தேங்காய்ப் பூவுடன் சேர்க்கும்போது, அது எந்தக் கடலிலிருந்து வந்தது, யார் பிடித்தார்கள், எப்படிப் பிடித்தார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இம்மாதம் அதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

மாசி என்பது சூரை மீன். மாலத்தீவிலும், அதற்கு வடக்கே நம் நாட்டின் இலட்சத்தீவுகளில் ஒன்றான மினிக்காயிலும் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வருகிறார்கள். மீனைத் துண்டாக்கி, உப்பு நீரில் அவித்து, புகையூட்டி, வெயிலில் பலநாள் உலர்த்துவார்கள். கி.பி. 1343இல் மாலத்தீவுக்கு வந்து அங்கே காஜியாகவும் பணியாற்றிய பயணி இப்னு பதூதா, அத்தீவு மக்கள் மீனை அவித்து உலர்த்தி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் எமனுக்கும் அனுப்புவதைத் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே உலகச் சந்தைக்குப் போன மீன் இது.

கடல் நடுவே ஒரு கையளவு மண்

கேரளக் கரையிலிருந்து 200 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலில் சிதறிக் கிடப்பவை இலட்சத்தீவுகள். பெயரில் இலட்சம் இருந்தாலும் கணக்கில் 36 தீவுகள்தாம். அவற்றின் நிலப்பரப்பு அனைத்தையும் சேர்த்தாலும் 32 சதுர கிலோமீட்டர்தான். அவற்றுள் பத்துத் தீவுகளில் மக்கள் வாழ்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் 64,473 பேர். அவர்களில் நூற்றுக்கு 96 பேருக்கும் மேல் முஸ்லிம்கள்.

அங்கே மலை இல்லை, ஆறு இல்லை. கடல்மட்டத்துக்கு மேல் ஓரிரு மீட்டர் உயரமே நிலம். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அதுவே கிணற்று நீர். அதுவே தென்னைக்கும் உயிர்.

இந்த நிலம் எப்படி உருவாயிற்று? சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்தபோது, கடலடியில் எரிமலைகள் எழுந்து ஒரு நெடிய மலைத்தொடராயின. காலப்போக்கில் அம்மலைகள் மெல்ல அமிழ்ந்தன. அவற்றின் விளிம்பில் ஒட்டி வாழ்ந்த பவள உயிரிகளோ, சூரிய ஒளியை விட்டு விலகாதிருக்கத் தம் கூடுகளை மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே வந்தன. மலை மறைந்தது, வளையமாகப் பவளப்பாறை நிலைத்தது. இப்படித்தான் வட்டத்தீவுகள் தோன்றுகின்றன என்று 1842இல் சார்லஸ் டார்வின் விளக்கினார். வளையத்தின் உள்ளே அலை அடங்கி நிற்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பைக் களப்பு என்பர். வளையத்தின் மீது ஒதுங்கிய மணல்தான் தீவு.

ஆக, இம்மக்கள் தொழுகைக்கு நிற்கும் தரையே உயிரினங்களின் எலும்புக்கூடு. பாறையைக் கட்டியது பவளம். மணலைத் தந்தது யார்?

மணல் அரைக்கும் மீன்

பவளப்பாறைகளில் கிளிமீன் என்றோர் இனம் வாழ்கிறது. பச்சை, நீலம், இளஞ்சிவப்பு எனப் பல வண்ணம். கிளியின் அலகு போன்ற வாய். அதன் பற்கள் செம்பைவிடவும் வெள்ளியைவிடவும் கடினமானவை. அது பாறை மேல் படர்ந்த பாசியைக் கொறிக்கும்போது சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்தே கடித்து விழுங்குகிறது. தொண்டையில் இன்னொரு பல்வரிசை இருக்கிறது. அதில் கல் மாவாகிறது. சத்து உடலில் சேர, எஞ்சியது வெண்மணலாய் வெளியேறுகிறது.

இது வேடிக்கைச் செய்தி அன்று. மாலத்தீவின் வக்காரு தீவில் நடந்து, 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அத்தீவைச் சுற்றியுள்ள பாறைத் தளத்தில் ஆண்டுதோறும் புதிதாக உண்டாகும் மணலில் நூற்றுக்கு 85 பங்குக்கும் மேல் கிளிமீன்களாலேயே உண்டாகிறது எனக் கண்டறிந்தது. கிளிமீன் குறைந்தால் மணல் வரவு குறையும். மணல் வரவு குறைந்தால், அலை அரித்துச் செல்லும் கரைக்கு ஈடு கிடைக்காது.

கரை அரிப்பு வெறும் அச்சமா? இல்லை. பங்காரம் வட்டத்தீவைச் சேர்ந்த பரளி என்ற ஆளில்லாச் சிறுதீவு ஒன்று முழுவதுமாய்க் கடலுக்குள் மறைந்துவிட்டதை 2017இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. 36 என்ற கணக்கில் ஒன்று குறைந்துவிட்டது.

பவளம் வெளுக்கும் நாள்

பவள உயிரியின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியால் உணவு சமைத்துத் தம் வீட்டுக்காரனுக்குப் பங்கு தருகின்றன. பவளத்தின் நிறமும் அவற்றாலேயே. கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடையைவிட ஓரிரு பாகை உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், இந்த உறவு முறிகிறது. பாசிகள் வெளியேற்றப்படுகின்றன, பவளம் எலும்பாய் வெளுக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் மடியும்.

இலட்சத்தீவுகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்தச் சோதனையைச் சந்தித்தன. 2024இல் மீண்டும் சந்தித்தன. 1998 முதல் 2022 வரையிலான காலத்தில் ஆய்வு செய்யப்பட்ட தீவுகளில் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. இரு சோதனைகளுக்கிடையே தேறி எழப் பவளத்துக்குப் பல ஆண்டுகள் தேவை. அந்த அவகாசமே இப்போது கிடைப்பதில்லை.

இறந்த பவளத்தின் மேல் பாசி மண்டினால் புதிய பவளக் குஞ்சுகள் ஒட்ட இடமிராது. அங்கேதான் கிளிமீன் போன்ற பாசி தின்னும் மீன்கள் மீண்டும் உதவிக்கு வருகின்றன. அவை மேய்ந்து பாறையைத் தூய்மையாக்கினால், புதுப் பவளம் வேர்கொள்ளும். 1998இன் பேரழிவுக்குப் பின் இலட்சத்தீவின் பல பாறைகள் தேறியதற்கு, அங்கே இம்மீன்கள் ஏராளமாய் இருந்ததும் ஒரு முக்கியக் காரணம் என்கின்றனர் ஆய்வாளர்கள்.

மற்ற கடல்களில் பிடித்துத் தீர்க்கப்பட்ட அம்மீன்கள் இங்கே எப்படி எஞ்சின? விடை நம் மாசியில் இருக்கிறது.

ஒரு தூண்டில், ஒரு மீன்

மினிக்காய் மக்கள் பாறை மீனை விட்டுவிட்டு, ஆழ்கடல் சூரையை நாடினார்கள். விடியலில் களப்புக்குள் சிறு மீன்களை வலையிட்டு உயிருடன் பிடித்துப் படகின் தொட்டியில் வைப்பார்கள். பின் வெளிக்கடல் சென்று, கடற்பறவைகள் வட்டமிடும் இடத்தைத் தேடுவார்கள். பறவை கூடும் இடத்தில் சூரைக் கூட்டம் இருக்கும். இரை மீனை வீசி, நீரைத் தெளித்துக் கூட்டத்தைக் கிளர்ச்சியூட்டி, நீண்ட கழியில் கட்டிய கொக்கியால் ஒவ்வொரு மீனாய்த் தூக்கிப் படகில் போடுவார்கள். கொக்கியில் எதிர்முள் இல்லாததால், மீன் படகில் விழுந்ததும் தானே கழன்றுவிடும். ஆமையோ குஞ்சு மீனோ சிக்கி வீணாவதில்லை.

1960களில் இயந்திரப் படகுகள் வந்தபின், அரசின் முயற்சியால் அகத்தி முதலிய மற்றத் தீவுகளுக்கும் இம்முறை பரவியது. விளைவு என்ன? மக்களின் வயிறும் நிறைந்தது, பாறையின் காவலர்களான மீன்களும் தப்பின. வெளிக்கடலில் வேகமாய்ப் பெருகும் இனத்தை எடுத்து, வீட்டு வாசலில் நிலத்தைக் காக்கும் இனத்தை விட்டுவைத்த வாழ்க்கை முறை அது.

இன்று வந்துள்ள சோதனை

அந்தச் சமநிலை இப்போது ஆட்டம் காண்கிறது. நிலப்பகுதிச் சந்தையிலும் வெளிநாட்டிலும் பாறை மீனுக்கு நல்ல விலை கிடைப்பதால், களவா போன்ற மீன்களைத் தேடும் படகுகள் பெருகி வருகின்றன. பிட்ரா தீவின் அருகே களவா இனம் ஒன்று ஆண்டின் குறிப்பிட்ட மாதங்களில், அமாவாசையை ஒட்டிய சில நாட்களில், இனப்பெருக்கத்துக்காகப் பெருந்திரளாய்க் கூடுகிறது. கூடும் இடமும் நாளும் தெரிந்துவிட்டால், சில நாட்களில் ஒரு தலைமுறையையே வாரிவிடலாம். பல ஆண்டுகள் வளர்ந்து முதிரும் அம்மீன் மீண்டும் பெருக நெடுங்காலம் ஆகும்.

கடல் அட்டையின் கதையும் இதுவே. மணலைத் தின்று கழுவி வெளியேற்றும் அந்த எளிய உயிர், வெளிநாட்டு விலையால் கள்ளத்தனமாய் வேட்டையாடப்பட்டது. 2001இல் நம் நாடு அதைப் பிடிப்பதைத் தடை செய்தது. 2020இல் இலட்சத்தீவில் 239 சதுர கிலோமீட்டர் கடல், கடல் அட்டைகளுக்கெனவே காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

எல்லாச் சிக்கலுக்கும் எளிய விடை உண்டு என்றும் எண்ணிவிட வேண்டாம். அகத்திக் களப்பில் பேராமைகள் பெருகி, கடற்புல் வெளியை மேய்ந்து தீர்த்தன. புல்லில் வளரும் மீன்கள் குறைந்ததால் மீனவர் மனம் வருந்தினர். ஆமையைக் காக்கவும் வேண்டும்; மீனவன் பிழைக்கவும் வேண்டும். ஆமையைத் தின்னும் பெருஞ்சுறாக்கள் குறைந்துபோனதும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஒரு கண்ணியை அறுத்தால் சங்கிலி எங்கெங்கோ அறுகிறது.

சூரைத் தொழிலும் இந்தச் சங்கிலியில்தான் தொங்குகிறது. இரை மீன் களப்பின் பவளத்திலும் புல்லிலும் வாழ்கிறது. அவை அழிந்தால் இரை மீன் இல்லை. இரை மீன் இல்லையேல் சூரை இல்லை. நம் அடுக்களையில் மாசியும் இல்லை.

ஆகுமானதும் அளவும்

கண்ணியமிக்கவர்களே! இஹ்ராம் அணிந்தவருக்குத் தரை வேட்டை தடுக்கப்பட்ட நிலையிலும் கடல் வேட்டை ஆகுமாக்கப்பட்டுள்ளது. கடல் எத்துணை விசாலமான அருட்கொடை என்பதற்கு இதுவே சான்று. ஆனால் ஒரு பொருள் ஹலால் என்பதால் அதை வீணடிப்பது ஹலாலாகிவிடாது. ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்யும்போதும் நீரை வீண்விரயம் செய்யலாகாது என்று கற்ற சமுதாயம் நாம். ஆற்றுக்குச் சொன்னது கடலுக்கும் பொருந்தாதா?

நபி (ஸல்) அவர்கள் மதீனாவைச் சுற்றி மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். நகீஃ என்ற இடத்தை 'ஹிமா' எனும் காப்பு மேய்ச்சல் நிலமாக ஒதுக்கினார்கள். அனைவருக்கும் பொதுவான நன்மைக்காகச் சிலவற்றை எடுக்காமல் விட்டுவைப்பது நம் மார்க்கம் அறிந்த வழியே. கவரத்திக்கு வடமேற்கே பிட்டி என்ற மணல்திட்டு இருக்கிறது. ஆலா இனப் பறவைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் அந்த ஆளில்லாத் தீவு 1995இல் சரணாலயமாக்கப்பட்டது. பிட்டியையும் கடல் அட்டைக் காப்பிடத்தையும் நாம் இக்கண்ணோட்டத்தில் காணலாம். சூரை இருக்கும் திசையை மீனவனுக்குக் காட்டுபவை அத்தகைய பறவைகள்தாமே!

நாம் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் உண்மையானவை. சந்தையில் மீன் வாங்கும்போது அது எங்கே, எப்படிப் பிடிபட்டது என்று கேட்போம். முட்டை நிறைந்த பெரிய பாறை மீனை விருந்துக்கெனத் தேடி அலையாதிருப்போம். தீவுகளுக்குச் சுற்றுலா செல்லும் பிள்ளைகளிடம், பவளத்தின் மேல் கால் வைக்க வேண்டாம், அதை ஒடித்து நினைவுப் பொருளாகக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி அனுப்புவோம். மின்சாரத்திலும் எரிபொருளிலும் வீண்செலவைக் குறைப்போம். கடலைச் சுடவைக்கும் வெப்பத்தில் நம் வீட்டின் பங்கும் இருக்கிறது.

அடுத்த முறை மாசியை இடிக்கும்போது, பெற்றோர்கள் தம் பிள்ளைகளை அருகழைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். தூரத்துத் தீவொன்றில் நம் சகோதரர் ஒருவர் ஸுஜூதில் நெற்றி வைக்கும் மண்ணை, ஒரு மீன் கல்லைக் கடித்துச் சேர்த்து வைத்தது என்று சொல்லுங்கள். அம்மண் அவர் பேரப்பிள்ளைகளுக்கும் எஞ்ச வேண்டும்.

தன் படைப்புகளை வீணாகப் படைக்காத வல்ல அல்லாஹ், அவன் அளித்த அருட்கொடைகளை அளவறிந்து துய்க்கவும், அமானிதமாய்க் காக்கவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.