தன் வீட்டையே பள்ளியாக்கிய மேரி லாங்கே

200 ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கறுப்பினக் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளி கிடையாது. அடிமைமுறை சட்டப்படியே நடந்த காலம். கியூபாவிலிருந்து வந்து குடியேறிய கறுப்பினப் பெண் மேரி லாங்கே, தன் வீட்டிலேயே அந்தக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1828-ல் அது முறையான பள்ளியானது.

அவர் துறவியாக விரும்பினார். அன்றைய கன்னியர் மடங்களோ கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. எனவே அருட்தந்தை ஜேம்ஸ் ஜூபேர் துணையுடன் புதிய சபையையே தொடங்கினார். 1829 ஜூலை 2-ல் அவரும் மூன்று பெண்களும் வார்த்தைப்பாடு கொடுத்தனர். 'ஆப்லேட் சிஸ்டர்ஸ் ஆஃப் பிராவிடன்ஸ்' என்ற அச்சபையின் முதல் தலைவியும் அவரே.

1832-ல் காலரா பரவியபோது சகோதரிகள் நோயாளிகளைக் கவனித்தனர். 1843-ல் ஜூபேர் இறந்தபின் வறுமை சூழ்ந்தது. துணி துவைத்தும் தைத்தும் பிழைத்தார்களே தவிர, பள்ளியை மூடவில்லை. புனித பிரான்சிஸ் அகாடமி என்ற அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

1882-ல் மறைந்த லாங்கேயை, 2023-ல் திருத்தந்தை பிரான்சிஸ் 'வணக்கத்துக்குரியவர்' என அறிவித்தார். திருச்சபை அவரை மதிக்க 141 ஆண்டுகள் ஆயின. கோயிலிலும் கல்லறையிலும் தனியிடம் ஒதுக்கப்பட்டதை அறிந்த நமக்கு இந்தத் தாமதம் புரியும். ஆனால் அவர் அங்கீகாரத்துக்காகக் காத்திருக்கவில்லை; முதலில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.