சித்தப்பாவைக் கண்டறியும் விதி

தில்லியின் கிட்வாய் நகர் நடுவண் அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதியாகும். அங்கு வளரும் தமிழ்க் குழந்தைகள் பலரும் தந்தையின் உடன்பிறந்தவரை ‘அங்கிள்’ என்று அழைக்கக் கேட்டிருப்பர். ஆங்கிலத்திற்கு அந்த ஒரு சொல் போதும். தமிழுக்கு அது போதாது. தந்தைக்கு மூத்தவர் பெரியப்பா, இளையவர் சித்தப்பா. இந்தியிலும் ‘தாவூ’, ‘சாச்சா’ என்னும் வேறுபாடு உண்டு. எனவே, உறவுமுறை கூறுவதற்கு முன் இருவரின் வயதை ஒப்பிட வேண்டும். இவ்வொப்பீட்டைக் கணிப்பொறிக்கு உணர்த்தப் புரோலாக் என்னும் நிரல்மொழி ஏற்றது.

புரோலாக் 1972ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் மார்செய் நகரில் அலென் கோல்மெரோர், பிலிப் ரூசெல் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. இம்மொழியில் உண்மைகளையும் விதிகளையும் எழுதிவைத்து வினா எழுப்பினால், கணிப்பொறி விடையைத் தேடித் தரும்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் காண்போம். அறிவியலறிஞர் சி. வி. இராமன் 1930இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய தமையனார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறை அலுவலர். பணியின் பொருட்டு லாகூரில் வாழ்ந்தார். அங்கு 1910இல் பிறந்த அவர் மகன் சந்திரசேகர் 1983இல் நோபல் பரிசு பெற்றார். வேலைக்காக வடக்கே சென்ற இத்தமிழ்க் குடும்பத்தின் உண்மைகளைப் பின்வருமாறு எழுதலாம்:

தாய்(பார்வதி, சுப்பிரமணியர்).
தாய்(பார்வதி, இராமன்).
தந்தை(சுப்பிரமணியர், சந்திரசேகர்).
ஆண்(சுப்பிரமணியர்).
ஆண்(இராமன்).
பிறப்பு(சுப்பிரமணியர், 1885).
பிறப்பு(இராமன், 1888).

முதல் வரியின் பொருள், ‘பார்வதி சுப்பிரமணியரின் தாய்’ என்பதாகும். ஒவ்வோர் உண்மையும் முற்றுப்புள்ளியுடன் முடியும்.

இனி, விதியைக் காண்போம்:

சித்தப்பா(_யார், _பிள்ளை) :-
தந்தை(_அப்பா, _பிள்ளை),
தாய்(_பாட்டி, _அப்பா),
தாய்(_பாட்டி, _யார்),
ஆண்(_யார்),
பிறப்பு(_அப்பா, _ஆண்டு1),
பிறப்பு(_யார், _ஆண்டு2),
_ஆண்டு1 < _ஆண்டு2.

‘:-’ என்னும் குறி ‘எனில்’ என்றும், காற்புள்ளி ‘மேலும்’ என்றும் பொருள்படும். மதிப்பு மாறக்கூடிய பெயர் ‘மாறி’ எனப்படும். அது ஆங்கிலப் பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து இல்லாமையால் இங்கு அடிக்கோடு இடப்பட்டுள்ளது.

சித்தப்பா(_யார், சந்திரசேகர்) என வினவினால், ‘இராமன்’ என்னும் விடை கிடைக்கும். 1885 என்பது 1888ஐவிடச் சிறியது. ஆதலால் இராமன் இளையவர். பிறந்த ஆண்டு சிறிதாயின் வயது மிகுதி என்பதை மறத்தல் கூடாது.

ஒப்பீட்டு வரியை நீக்கிவிட்டால் என்ன நேரும்? சுப்பிரமணியர், இராமன் என்னும் இரண்டு விடைகள் வரும். தந்தையும் பார்வதியின் மகன்தானே! தம் மகனுக்கே அவர் சித்தப்பா ஆகிவிடுவார். ‘<’ என்னும் குறிக்குப் பதிலாகச் ‘சிறியது அல்லது சமம்’ எனப் பொருள்படும் ‘=<’ என்னும் குறியை இட்டாலும் இப்பிழை நேரும்; 1885உம் 1885உம் சமமல்லவா? மனிதருக்கு நகைப்பூட்டும் இவ்விடை கணிப்பொறிக்கு நகைப்பூட்டாது. எழுதிய விதியை அது அப்படியே பின்பற்றும்.

ஒப்பீட்டு வரி நிற்கும் இடமும் முதன்மையானது. பிறப்பு ஆண்டுகள் கிடைத்த பின்னரே ஒப்பிட இயலும். அவ்வரியை முதலில் எழுதினால், மாறிகளுக்கு மதிப்பு இல்லாமையால் கணிப்பொறி பிழைச் செய்தி தரும்.

விடை கிடைக்காவிடில் புரோலாக் ‘பொய்’ என்னும் பொருளில் மறுமொழி தரும். கொடுத்த உண்மைகளைக் கொண்டு நிறுவ இயலவில்லை என்பதே அதன் கருத்து. உலகில் அவ்வாறு ஒருவரும் இல்லை என்பது அதன் கருத்தன்று. ஆகவே, உண்மைகளைக் குறைவின்றித் திரட்டுவதும், அவற்றைச் சரியாக ஒப்பிடுவதும் நிரல் எழுதுவோரின் கடமையாகும்.

பயிற்சி

1. மேற்கண்ட விதியில் ஒரே ஒரு குறியையும் விதியின் பெயரையும் மாற்றிப் ‘பெரியப்பா’ விதியை எழுதுக.

2. தந்தையின் உடன்பிறந்தவர் பெண்ணாயின் அவர் அத்தை. ‘அத்தை’ விதிக்கு வயது ஒப்பீடு தேவையா? காரணம் கூறுக.

3. தந்தையும் அவர் தம்பியும் இரட்டையர் எனில், பிறந்த ஆண்டு மட்டும் போதுமா? வேறு எந்த உண்மையைச் சேர்க்க வேண்டும்?

4. உன் பெற்றோரிடம் கேட்டறிந்து, உன் குடும்பத்தைப் பற்றி ஐந்து உண்மைகளைப் புரோலாக் முறையில் எழுதுக.